தறியும் கடையும் பள்ளி விடுமுறையும்

தமிழகத்தின் சிறுதொழில்களில் பெரும்பாலானவை குடும்பத்தாரின் கைகளாலேயே நடப்பவை. 2015–16இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 73ஆம் சுற்று, இந்தியாவில் 633.88 லட்சம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இருப்பதாகவும் அவற்றில் 49.48 லட்சம் தமிழகத்தில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால், அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கூலிக்கு ஆள் வைக்காதவை. மளிகைக்கடை, தேநீர்க்கடை, தையல், தறி, இட்லிக்கடை, பூக்கட்டு என எதுவானாலும் காலையில் கடையைத் திறப்பவரும் பிள்ளைக்குத் தலைவாரி விடுபவரும் ஒரே வீட்டார். பல வீடுகளில் இருவரும் ஒருவரே. பள்ளி நடக்கும் நாளில் காலை முதல் மாலை வரை பிள்ளையின் பொறுப்பைப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது. பள்ளிக்குப் பூட்டு விழுந்ததும் அந்தப் பொறுப்பு கடைக்கே திரும்பி வருகிறது. விடுமுறைக் காலத்தில் தொழிலையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பதற்குத் தமிழகக் குடும்பங்கள் கண்ட வழிகளுக்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு.

திண்ணைப் பள்ளியின் நாட்கள்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிகளின் நிலையை அறிய 1822 ஜூனில் மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826 மார்ச்சில் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தனர். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது மன்றோவின் மதிப்பீடு. படித்தவர்களில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே.

தமிழ் ஊர்களில் இவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணையிலோ நடந்தன. எழுத்தோடு எண்சுவடியும் அங்கே முக்கியப் பாடம். பொன்னிலக்கம் காசுக் கணக்கைக் கற்பித்தது. நெல்லிலக்கம் தானிய அளவையைக் கற்பித்தது. குழிமாத்து நிலத்தின் பரப்பைக் கணக்கிடச் சொல்லித் தந்தது. மனப்பாடமாகப் படித்த இந்த வாய்பாடுகள் கடையிலும் களத்திலும் மறுநாளே பயன்பட்டன. பள்ளிப் படிப்பும் வீட்டுத் தொழிலும் ஒரே கணக்கைப் பேசின.

அந்தப் பள்ளிகளின் விடுமுறை நிலவைப் பார்த்து வந்தது. அமாவாசையும் பௌர்ணமியும் ஓய்வு நாட்கள். ஊர்த் திருவிழா நடந்தால் பள்ளி இல்லை. வீட்டில் வேலை மிகுந்த நாளில் பிள்ளை வராமல் போவதும் வழக்கம்தான். ஒரே ஆசிரியர், சில பத்துப் பிள்ளைகள், ஊருக்குள்ளேயே பள்ளி என்பதால் தொழிலின் நாட்களுக்கேற்பப் பள்ளியின் நாட்கள் வளைந்தன. பல வாரங்கள் தொடர்ந்து பள்ளி மூடியிருக்கும் நீண்ட விடுமுறை என்ற ஒன்றை அந்த ஏற்பாடு அறியாது.

பரீட்சைக் கணக்கு

ஆங்கிலேய ஆட்சியின் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் பள்ளிகளும் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கின. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, படிப்பின் ஆண்டுச் சுற்று தேர்வைச் சார்ந்து அமைந்தது. அந்தத் தேர்வும் எல்லாக் காலத்திலும் கோடையிலேயே நடந்ததில்லை. கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகனாக வளர்ந்த கணிதமேதை இராமானுஜன் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியது 1903 டிசம்பரில். பின்னர் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்து நிலைபெற்று, ஆண்டுத் தேர்வு கோடையின் தொடக்கத்துக்கு நகர்ந்தது. கத்திரி வெயில் காயும் மே மாதம் முழுவதும் பள்ளி மூடும் வழக்கம் உறுதிப்பட்டது.

இப்படி அமைந்த ஆண்டில் மூன்று விடுமுறைகள் முக்கியமானவை. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வருவது காப்பரீட்சை லீவு. டிசம்பர் கடைசியில் வருவது அரைப்பரீட்சை லீவு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நீள்வது முழுப்பரீட்சை லீவு. மூன்றும் தேர்வின் பெயரைச் சுமந்தாலும் முதல் இரண்டும் பண்டிகைகளை ஒட்டியே அமைந்தன. காப்பரீட்சை லீவு நவராத்திரியோடும் அரைப்பரீட்சை லீவு கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டோடும் சேர்ந்து வரும்.

கடை வைத்திருப்பவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பண்டிகைக் காலம் வியாபாரக் காலம். நவராத்திரியில் பொரி, கடலை, பழம், பூ விற்பனை ஏறும். தொடர்ந்து தீபாவளிக்கான துணி வியாபாரம் வந்துவிடும். டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் வரை மண்பானை, வெல்லம், கரும்பு, துணி எல்லாவற்றுக்கும் கிராக்கி. சித்திரை, வைகாசி கல்யாண மாதங்கள். கோயில் திருவிழாக்களும் அப்போதுதான் மிகுதி. பந்தல்காரர், சமையல்காரர், பூக்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர் யாரும் அந்த மாதங்களில் ஓய்வெடுக்க முடியாது. பள்ளி திறக்கும் நாள் நெருங்கினால் சீருடை தைக்கும் தையற்காரரின் வீட்டில் இரவும் மிஷின் ஓடும். நோட்டுப் புத்தகம், பை, செருப்பு விற்பவருக்கு ஆண்டின் பெரிய விற்பனை அந்த இரண்டு வாரங்களில்தான். பிள்ளை வீட்டிலிருக்கும் நாட்களும் பெற்றோர் கடையை விட்டு அகல முடியாத நாட்களும் ஒன்றாகவே வந்தன.

அந்த விடுமுறைகளுக்குள் ஒரு நாள் மட்டும் தொழிலையும் படிப்பையும் ஒன்றாக உட்கார வைத்தது. ஆயுத பூஜையன்று தராசும் எடைக்கல்லும், கத்தரியும் தையல் மிஷினும், கணக்குப் பேரேடும் சுத்தம் செய்யப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் இடப்படும். சரஸ்வதி பூஜையும் அதே நாள் என்பதால் பிள்ளையின் பாடப்புத்தகங்களும் அங்கேயே அடுக்கப்படும். அன்று தொழிலும் இல்லை, படிப்பும் இல்லை. மறுநாள் விஜயதசமியில் இரண்டும் சேர்ந்தே எடுக்கப்படும்.

பெட்டியடிப் பையன்

வணிகக் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பும் தொழிற்பயிற்சியும் நெடுங்காலம் பிரியாமல் இருந்தன. இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித்தொழில். முதலாளியின் கீழ் மேலாள், அவருக்கு அடுத்து அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் அவர்களது கடைகள் இயங்கின. பணப்பெட்டியின் அருகே அமர்ந்து சிட்டை எழுதவும் மனக்கணக்காக வட்டி போடவும் கற்ற பையன் படிப்படியாக மேலே வந்தான். 1930இல் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்கு அமைக்கப்பட்ட வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கொண்டுவிற்கப் போனவர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடித்தே ஊர் திரும்பினார். அந்த மூன்று ஆண்டும் பிள்ளைகளை வளர்த்தவர்கள் செட்டிநாட்டு வீடுகளில் இருந்த பெண்கள். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே வளவில் தனித்தனி அடுப்போடு வாழ்ந்ததால், ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பல கைகள் இருந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அந்தத் தொழில்முறை குலைந்தது.

தெற்கே விருதுநகர் போன்ற நாடார் வணிக ஊர்களில் வேறொரு வழி உருவாயிற்று. அங்கே உறவின்முறை என்ற ஊர் அமைப்பு, சரக்கின் மீது மகமை என்ற சிறு தொகையைத் திரட்டி ஊர்ப் பொதுச் செலவுகளைப் பார்த்தது. 1880களில் எழுந்த சத்திரிய வித்தியாசாலை அந்த முயற்சியின் பயன். வீடுதோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குக் கொடுக்கும் பிடியரிசி முறையும் அங்கே நடந்தது. தொழில் செய்யும் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தாங்களே கட்டிக் காத்தார்கள்.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராசர். 1903இல் தேங்காய் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், சிறு வயதில் தந்தையை இழந்தார். படிப்பைப் பாதியில் விட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒருவர் மறைந்தால் கடைக்கும் பள்ளிக்கும் இடையிலான சமநிலை உடனே கடையின் பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்கு அவரது இளமை எடுத்துக்காட்டு. பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

தறியும் விடிலியும்

கடையில் பையனுக்குக் கற்றுக்கொள்ளும் வேலை இருந்தது. கைத்தொழில் வீடுகளில் பிள்ளையின் கை உற்பத்தியின் ஒரு பகுதியாகவே இருந்தது. காஞ்சிபுரத்தின் கோர்வைச் சேலை இதற்குத் தெளிவான உதாரணம். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வைத்து, இரண்டையும் இழை இழையாகக் கோர்த்து நெய்வது கோர்வை. ஒரே ஆளால் அதைச் செய்வது கடினம். நெசவாளரின் பக்கத்தில் அமர்ந்து கரைப்பக்க நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் மனைவியோ பிள்ளையோ அமர்வதுதான் வழக்கம். ராட்டையில் தார் சுற்றுவதும் பாவு நீட்டும்போது இழை பிடிப்பதும் வீட்டாரின் வேலை. கூலியோ சேலைக் கணக்கில் நெசவாளர் ஒருவருக்கே தரப்பட்டது. உதவிக்கு அமர்ந்தவரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பள்ளி நாட்களில் காலையிலும் மாலையிலும் மட்டும் தறியருகே வந்த பிள்ளை, விடுமுறையில் நாள் முழுவதும் கிடைத்தது. சேலை சில நாள் முன்னதாக முடிந்தது.

தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளின் பனைத்தொழிலில் பருவமே கோடையை ஒட்டி வருகிறது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை பனை பால் தரும். பனையேறி விடியலிலும் மாலையிலும் மரமேறிப் பாளை சீவுவார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைக் காய்ச்சுவது பெண்களின் வேலை. தோப்புக்குள் ஓலையால் வேய்ந்த விடிலியில் அடுப்பு நாள் முழுவதும் எரியும். பதநீர் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்க வேண்டும். விறகும் காய்ந்த மட்டையும் பொறுக்கி வருவது, கலயம் கழுவுவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது ஆகியவை பிள்ளைகளுக்கு வந்தன. பருவக் காலத்தில் குடும்பத்தோடு தோப்பில் தங்கிய வீடுகளும் உண்டு. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை முடிந்தாலும் பருவம் முடிவதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது விடிலியில் இன்னும் அடுப்பு எரியும். பள்ளியிலிருந்து பிள்ளை நின்றுபோகும் ஆபத்து அந்த வாரங்களில்தான் அதிகம்.

தீப்பெட்டி ஆபீஸ்

மழை குறைந்த சிவகாசி வட்டாரத்தில் வீட்டுத்தொழில் மெல்ல ஆலைத்தொழிலாக மாறியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்து, அடுத்த ஆண்டில் தொழில் தொடங்கினர். கைவேலையை நம்பிய இந்தத் தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி எங்கும் பரவியது. ஊர் மக்கள் அந்த ஆலையை ஆபீஸ் என்றே அழைத்தனர். சட்டகத்தில் குச்சி அடுக்குவது ஆபீசில் நடந்தது; பெட்டி ஒட்டுவது வீடுகளுக்கு வந்தது. தாய் பசை தடவ, பிள்ளை பெட்டி மடிக்க, குரோசுக் கணக்கில் கூலி கிடைத்தது. ஒரு குரோசு என்றால் 144.

துண்டுக் கணக்குக் கூலி விடுமுறையின் இயல்பையே மாற்றிவிட்டது. மளிகைக்கடையில் பிள்ளை அமர்ந்தாலும் வரும் வாடிக்கையாளரின் எண்ணிக்கை கூடுவதில்லை. பெட்டி ஒட்டும் வீட்டில் பிள்ளை அமர்ந்த ஒவ்வொரு மணி நேரமும் காசாகும். கோடையில் அதிகமாக ஒட்டிப் பழகிய வீட்டுக்கு ஜூனில் அந்த வரும்படியை விடுவது கடினம். விடுமுறை வேலை ஆண்டு முழுவதற்குமான வேலையானது இப்படித்தான். 1970களிலும் 80களிலும் விடியுமுன்பே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஆபீசுக்கு ஏற்றிச் சென்ற பேருந்துகள் நாடெங்கும் பேசப்பட்டன. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் இடங்களில் சிவகாசியும் ஒன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. குழந்தையின் வீட்டில் வயதுவந்த ஒருவருக்கு மாற்று வேலை தேடித் தரவேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால் பெற்றோரின் வரும்படிக்கு வழி செய்ய வேண்டும் என்ற உண்மையை அது ஏற்றுக்கொண்டது.

அரை நாள் பள்ளி

பள்ளிக்கும் வீட்டுத்தொழிலுக்கும் நேரத்தைப் பங்கிடும் முயற்சியை அரசே ஒருமுறை எடுத்துக்கொண்டது. முதலமைச்சராக இருந்த இராஜாஜி 1953–54 கல்வியாண்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மாற்றியமைத்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குறைந்த ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு இரு பங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம்.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். தமிழகத்தில் பெற்றோரின் தொழில் என்பது பெரும்பாலும் சாதி வகுத்த தொழில். சலவையாளர் மகன் சலவைக்கும் குயவர் மகன் சக்கரத்துக்கும் அரை நாள் அனுப்பப்பட்டால், எழுத்தர் மகன் அந்த அரை நாளில் புத்தகத்தோடு இருப்பான் என்பது அவர்களது வாதத்தின் சாரம். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. இராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சரான காமராசர் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. துணிக்கடைக்காக வகுப்பறையை விட்டு வந்த ஒருவர், பிள்ளைகளை முழு நாளும் பள்ளியில் இருத்தும் வழியைத் தேடினார்.

அந்த விவாதம் ஒன்றைத் தெளிவாக்கியது. பெற்றோரின் தொழிலைப் பிள்ளை அருகிருந்து பார்ப்பதில் தவறில்லை; பள்ளி நேரத்தைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது. அதன் பிறகு வீட்டுத்தொழிலுக்கு எஞ்சியவை மாலை நேரமும் விடுமுறையும் மட்டுமே.

பாட்டி வீடு

தொழில் வீடுகள் விடுமுறையைச் சமாளித்த வழிகளில் மிகப் பரவலானது பிள்ளையை அனுப்பிவைப்பது. முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கோ தாய்மாமன் வீட்டுக்கோ பஸ் ஏறினர். பெரும்பாலும் தாயின் பிறந்த வீடுதான் அந்தப் பாட்டி வீடு. நகரத்துக் கடைக்காரரின் பிள்ளை கிணற்றில் நீந்தக் கற்றது அங்கேதான். நுங்கும் மாங்காயும் வயலும் பழகியதும் அங்கேதான். அந்த ஒரு மாதம் கடையில் பெற்றோர் இருவரும் முழு நேரம் நிற்க முடிந்தது. பாட்டியும் மாமியும் கூடுதலாகச் சமைத்தார்கள், கூடுதலாகத் துவைத்தார்கள். செலவும் உழைப்பும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறினவே தவிரக் குறையவில்லை. கைம்மாறாகத் தீபாவளித் துணியோ கல்யாணச் சீரோ திரும்பிப் போனது.

கடையோடு ஒட்டிய வீடும் பெரிய துணை. முன்பகுதியில் கடை, பின்பகுதியில் குடியிருப்பு என்று அமைந்த கடைத்தெரு வீடுகளில் தாய் உலையை வைத்துவிட்டுக் கல்லாவுக்கு வரலாம். தந்தை கல்லாவிலிருந்தே கூடத்தில் விளையாடும் பிள்ளையைப் பார்க்கலாம். பிள்ளைக்கும் வயதுக்கேற்ற வேலை கிடைத்தது. ஏழெட்டு வயதில் பொட்டலத்துக்குக் காகிதம் கிழிப்பது, பத்து வயதில் பாக்கி நோட்டில் கணக்கைக் கூட்டுவது, பதினைந்தில் தந்தை சாப்பிடப் போகும் நேரத்தில் கல்லாவில் அமர்வது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடிவுக்குக் காத்திருந்த பிள்ளைகள் தட்டச்சு நிலையத்துக்குப் போய்வந்தனர். சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற இதழ்களும் வாடகை நூல்நிலையங்களும் கோடைப் பகலை நிரப்பின.

1980களுக்குப் பிறகு இந்த ஏற்பாடு தளர்ந்தது. கடை ஓரிடம், வாடகை வீடு ஓரிடம் ஆயிற்று. பாட்டியும் நகரத்துக்கு வந்துவிட்டார், அல்லது அவரே ஒரு தொழில் செய்தார். வசதியுள்ள வீடுகளுக்குக் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் வந்தன. கணினியும் நீச்சலும் ஓவியமும் கட்டணத்துக்குக் கற்பிக்கப்பட்டன. தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டணம் எட்டாத தொலைவில் இருந்தது.

சட்டம் போட்ட கோடு

வீட்டுத்தொழிலில் பிள்ளையின் உழைப்பைச் சட்டம் நெடுங்காலம் தொடவில்லை. 1938இல் வந்த குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டம் பீடி, தீப்பெட்டி, நெசவு, தோல் பதனிடுதல் போன்ற தொழிற்கூடங்களில் சிறுவர்களை அமர்த்தத் தடை விதித்தது. ஆனால் கூலியாள் இல்லாமல் குடும்பத்தாரின் உதவியோடு மட்டும் நடக்கும் தொழிற்கூடத்துக்கு விலக்கு அளித்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் அதே விலக்கைத் தொடர்ந்தது. பெட்டி ஒட்டும் வேலையும் பீடி சுற்றும் வேலையும் ஆலையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்ததற்கு இந்த விலக்கு இடம் கொடுத்தது. வீட்டு வாசலுக்கு உள்ளே நடந்த வேலையை அளக்க யாரும் வரவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அதற்கேற்ப 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று அது பொதுவாகத் தடை செய்தது. குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கும் தந்தது. தொழில் ஆபத்தானதாக இருக்கக் கூடாது. உதவி பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ மட்டும் இருக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரே இதில் குடும்பம். 2017இல் வந்த விதிகள் இன்னும் நுணுக்கமாக வரையறுத்தன: மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை உதவி கூடாது, ஓய்வு நேரம் நீங்கலாக நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, படிப்புக்கு இடையூறு ஆகக் கூடாது.

பள்ளி விடுமுறை என்ற சொல் இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குள் இவ்வாறு நுழைந்தது. குழந்தை உரிமைக்காக உழைத்தவர்கள் பலர் இந்த விலக்கை எதிர்த்தனர். வீட்டுக்குள் மூன்று மணி நேரத்தை எந்த ஆய்வாளர் கணக்கிடுவார் என்று கேட்டனர். ஏழை வீட்டுப் பிள்ளையின் விடுமுறை இதனால் வேலை நாளாகிவிடும் என்று அஞ்சினர். கைத்தொழில் மரபும் குடும்பத்தின் பிணைப்பும் காக்கப்படும் என்பது அரசின் பதில். 1953இன் விவாதம் 63 ஆண்டுகளுக்குப் பின் டெல்லியில் மீண்டும் எழுந்தது. பள்ளி நேரத்தில் இம்முறை யாரும் கை வைக்கவில்லை. விடுமுறை யாருக்கு உரியது என்பதே கேள்வியாக இருந்தது.

தாயின் தொழில்

1989இல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1997இல் மகளிர் திட்டமாக அவை மாநிலத்தில் பரவின. அதற்கு முன்பே, 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய உழைக்கும் மகளிர் சங்கம் தெருவோர வியாபாரப் பெண்களுக்குச் சிறு கடன் பெற்றுத் தந்தது. இந்தக் கடன்களால் இட்லிக்கடை, தையல், ஊறுகாய், கோழி வளர்ப்பு எனப் பெண்கள் தம் பெயரிலேயே தொழில் நடத்தினர். கணவரின் கடையில் கணக்கில்லாமல் உழைத்தவர் சொந்தக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவரானார். பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் அரசின் துணை சின்னஞ்சிறு பிள்ளைகளோடு நின்றுவிட்டது. தொழிற்சாலைகள் சட்டம் கேட்ட பிள்ளைக் காப்பகம் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கானது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்த ஆலைகளுக்கே அது கட்டாயமாக இருந்தது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளும் அந்த வயதினருக்கே. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பெரும் சுமையை இறக்கிவைத்தன. காலை ஐந்து மணிக்கே கடைக்கு மாவு அரைக்கும் தாய்க்கு, பிள்ளை பள்ளியில் சூடாகச் சாப்பிடும் என்ற உறுதி சிறிய உதவியன்று. ஆனால் பள்ளி மூடிய நாளில் அந்த உணவும் இல்லை. 2016 மே மாதத்தில், வறட்சி பாதித்த மாநிலங்களில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விடுமுறை ஏழை வீட்டில் எவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்குகிறது என்பதை அந்த உத்தரவு காட்டியது.

நீண்ட விடுமுறை

2020 மார்ச்சில் கொரோனாப் பரவலால் மூடிய தமிழகப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதம். முன்னர் எந்த விடுமுறையும் அவ்வளவு நீண்டதில்லை. ஊரடங்கில் கடைகள் முதலில் மூடின. தளர்வு வந்ததும் கடைகள் திறந்தன, பள்ளிகள் திறக்கவில்லை. காய்கறி வண்டிக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் பிள்ளைகள் உடன் சென்றனர். வீட்டில் ஒரே கைபேசி இருந்தால் அது கடைக்கா, பிள்ளையின் வகுப்புக்கா என்ற கேள்வி தினமும் எழுந்தது. இழந்த படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாலை நேரத்தில், பிள்ளைகளின் தெருவிலேயே, தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தனர். கடைத்தெருப் பெற்றோருக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலும் அது பெரிய துணையாக இருந்தது. திண்ணைப் பள்ளியைப் போலவே பள்ளி மீண்டும் வீட்டுக்கு அருகே வந்தது.

கோடை விடுமுறையின் அளவும் இப்போது நிலையாக இல்லை. வெயிலின் கடுமையால் 2023இல் பள்ளி திறப்பு ஜூன் 7இலிருந்து மேல் வகுப்புகளுக்கு 12ஆம் தேதிக்கும் தொடக்க வகுப்புகளுக்கு 14ஆம் தேதிக்கும் தள்ளிப்போனது. 2024இல் ஜூன் 6இலிருந்து 10ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. மாதச் சம்பள வீடுகளில் அது சில நாள் கூடுதல் ஓய்வு. சீருடை தைப்பவருக்கும் நோட்டு விற்பவருக்கும் அது வேலை உச்சத்தில் இருக்கும்போது பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள வேண்டிய மேலும் சில நாட்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு இன்றும் கிடைப்பவை உறவினர் வீடு, தாயின் இரட்டை உழைப்பு, பிள்ளை உதவுவதற்குச் சட்டம் அனுமதித்த மூன்று மணி நேரம் ஆகியவையே. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பள்ளி மூடிய நாட்களில், சிறுதொழில் செய்யும் பெற்றோர் கட்டணமின்றி நம்பி விட்டுச்செல்லும் பொது இடம் ஒன்றைத் தமிழகத்தின் எந்த நிலையான திட்டமும் இதுவரை அவர்களுக்கென்று அமைத்துத் தரவில்லை.